தலைக்கு இரண்டு கொத்து

அரசியற் பேச்சு அடுப்புக்கு உதவாது என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் கைக்கொண்டிருந்த கொள்கை. தேர்தற் காலம் நீங்கலாக மற்றைய நாள்களில் அவர்கள் மழையைப் பற்றிப் பேசுவார்கள். குளத்து நீர்மட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். வைகாசி பிறந்தால் வற்றாப்பளைப் பொங்கலைப் பற்றிப் பேசுவார்கள். கொழும்பைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆனால் அந்த அடுப்பில் ஏறும் உலையிலே எத்தனை கொத்து அரிசி விழவேண்டும் என்பதை 1942 ஆம் ஆண்டு தொடக்கம் பெரும்பாலும் கொழும்பே தீர்மானித்து வந்திருக்கிறது. பொருளாதாரக் கொள்கை, சமூக நலத்திட்டம் என்றெல்லாம் பத்திரிகைகளிலே பெரிய எழுத்துக்களில் வரும் செய்திகள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது எப்பொழுதும் ஓர் ஓலைப்பெட்டிக்குள்ளே இருந்துகொண்டுதான். அந்தப் பெட்டியின் கதையையே இங்கே சொல்லப் புகுகின்றேன்.

கொத்து என்னும் அளவை இன்றைய பிள்ளைகளுக்குப் புதிதாகத் தோன்றலாம். பங்கீட்டுக் கணக்கிலே இரண்டு இறாத்தல் அரிசி ஒரு கொத்து. இன்றைய நிறையிற் சொல்வதானால் ஏறத்தாழ 900 கிராம். எனது சிறு பிராயத்திலே வீட்டில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு கூப்பன் புத்தகம் இருந்தது. பிறந்த குழந்தைக்கும் உண்டு. படுக்கையிற் கிடந்த கிழவிக்கும் உண்டு. வாரத்துக்கு ஒரு முறை அப்புத்தகங்களையெல்லாம் ஒரு சீலைத்துண்டிற் சுற்றிக்கொண்டு, உமலையும் தூக்கிக்கொண்டு சங்கக்கடைக்குப் போவது எனது வேலை. மனேசர் கூப்பனைக் கிழித்துக்கொண்டு அரிசியை அளந்து போடுவார். நீ ஏழையா, பணக்காரனா, உனக்கு வயல் உண்டா, மாடு உண்டா என்று ஒருவரும் கேட்டதில்லை. தலை இருந்தாற் போதும்.

இந்த ஏற்பாடு ஒரு தருமசிந்தையினால் தொடங்கியதன்று, போரினால் தொடங்கியது. அக்காலத்து இலங்கை தான் உண்ட அரிசியிற் பெரும்பகுதியைக் கப்பலிலே கொண்டுவந்தது. தேயிலையும் இறப்பரும் விற்று அரிசி வாங்குவதே நாட்டின் வாழ்க்கை முறையாயிருந்தது. 1942 இலே யப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் பர்மா அரிசி நின்றுபோயிற்று. கையிலிருந்ததைப் பங்கிட்டுக் கொடுப்பதைத் தவிர அன்றைய ஆட்சிக்கு வேறு வழியில்லை. அவ்வாறு பங்கிடுவதற்காகவே கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் ஊருக்கு ஊர் எழுந்தன; சங்கக்கடை என்ற சொல் எங்கள் பேச்சிலே புகுந்தது அப்படித்தான். போர் 1945 இல் முடிந்தது. கூப்பன் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று கேட்டால், 1931 இலேயே இந்நாட்டு ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்துவிட்டது என்பதே விடை. வாக்குச்சீட்டை வைத்திருப்பவனுடைய கையிலிருந்து கூப்பனைப் பறிப்பது எளிதன்று. இதை ஆட்சியாளர் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் சென்றன.

அதைச் சொல்லுமுன் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரூற்று முல்லைத்தீவுப் பட்டினத்துக்கு அணித்தாய், முள்ளியவளையோடு ஒட்டிக் கிடக்கும் ஊர். பெயரே அதன் வரலாறு. ஊற்றங்கரைப் பிள்ளையாரை வணங்கிவிட்டு வயலுக்குப் போகின்ற மக்கள். காலபோகத்துக்கு மழையையும் சிறுபோகத்துக்குக் குளத்தையும் நம்பி நெல் விதைப்பவர்கள். ஆகவே நாங்கள் அரிசியை உண்பவர்கள் மட்டுமல்லர், விளைவிப்பவர்களும் ஆவோம். கொழும்பிலே இருப்பவருக்கு அரிசி விலை இறங்கினால் மகிழ்ச்சி, ஏறினால் துன்பம். எங்களுக்கோ ஒரே வீட்டிலே இரண்டும் உண்டு. சூடு மிதித்து அட்டுவம் நிறைந்திருக்கும் மாசி பங்குனியிலே விலை ஏறவேண்டும் என்று நேர்வோம். அட்டுவம் காலியாகும் ஐப்பசி கார்த்திகையிலே விலை இறங்கவேண்டும் என்று அதே பிள்ளையாருக்கு நேர்வோம். பிள்ளையார் பாடு திண்டாட்டந்தான்.

அரசாங்கம் இந்தத் திண்டாட்டத்தை ஒரு விசித்திரமான முறையிலே தீர்த்தது. 1952 ஆம் ஆண்டு தொடக்கம் புசல் ஒன்றுக்கு 12 ரூபா உத்தரவாத விலை கொடுத்துக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் எங்கள் நெல்லை வாங்கிற்று. ஒரு புசல் நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 16 கொத்து அரிசி வரும். அப்படியானால் ஒரு கொத்து அரிசி அரசாங்கத்துக்கு எழுபத்தைந்து சதமளவில் விழுகிறது. ஏற்றுக்கூலி, குற்றுக்கூலி வேறு. 1960களின் தொடக்கத்திலே அதே சங்கக்கடையின் மற்ற வாசலில் எங்களுக்கு அது 25 சதத்துக்கு விற்கப்பட்டது! ஐயா காலையிலே வண்டியிற் நெல்மூடை ஏற்றிக்கொண்டு போய் ஒரு வாசலில் விற்பார். மாலையிலே நான் உமலோடு போய் அடுத்த வாசலில் வாங்குவேன். சொந்த வயலில் விளைந்த மொட்டைக்கறுப்பன் அரிசியை விருந்தினருக்கும் பொங்கலுக்கும் வைத்துக்கொண்டு, நாறலும் கல்லும் கலந்த கூப்பன் அரிசியை அன்றாடம் உண்பது வழக்கமாயிற்று. ஆச்சி சுளகிலே அதைப் புடைக்கும்போது வைகின்ற வசைமொழிகளை இப்பத்திரிகையில் அச்சிட ஆசிரியர் உடன்படார்.

இரண்டு வாசலுக்கும் இடையே விழுந்த அந்த ஐம்பது சதத்தை யார் கொடுத்தார்கள்? நான் ஆசிரியனாகி வகுப்பிலே இக்கணக்கைச் செய்து காட்டிய காலத்தில் மாணவர்கள் ‘அரசாங்கம்’ என்று ஒரே குரலில் விடை சொல்வார்கள். அரசாங்கத்துக்கு ஏது பணம்? அந்நாளிலே திறைசேரியின் பெரும் ஊற்று தேயிலை, இறப்பர், தெங்கு ஆகிய மூன்றின் ஏற்றுமதியுமே. மலையகத்திலே கொழுந்து பறித்த கைகளே பெருமளவில் அந்த ஐம்பது சதத்தை ஈட்டின. அந்தக் கைகளுக்கு உரியவர்களின் குடியுரிமையோ 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தினாலே பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. வாக்குள்ளவனுக்கு மலிவு அரிசி. அதற்குப் பொருள் தேடித் தருபவனுக்கு வாக்கில்லை. 1974 இலே உணவுப் பஞ்சம் வந்தபோது மரண விகிதம் பெரிதும் உயர்ந்தது தோட்டங்களிலேதான் என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்களிற் பலர் 1958 இலும் 1977 இலும் நடந்த கலவரங்களின் பின்னர் வன்னிக்கு வந்து எங்கள் அயலவரானார்கள். அவர்களோடு பழகிய பின்னரே இக்கணக்கின் மற்றைப் பாதி எனக்கு விளங்கிற்று.

இனி, ஆட்சியாளர் கற்ற பாடத்துக்கு வருவோம். கொரியப் போரினால் ஏறியிருந்த இறப்பர் விலை 1952 அளவிலே சரிந்தது. அரிசி விலையோ உலகச் சந்தையில் ஏறிற்று. அந்த ஆண்டிலே சீனாவுடன் இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கும் உடன்படிக்கை செய்யப்பட்டது. ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் அங்கே, 270,000 தொன் அரிசி இங்கே. அமெரிக்கா முகத்தைச் சுளித்தது. வலதுசாரி அரசாங்கமே பொதுவுடைமை நாட்டோடு இவ்வாறு கைகோத்தது என்பது, அரிசி எந்தக் கொள்கையையும் வளைக்கும் என்பதற்கு அத்தாட்சி. ஆயினும் அதுவும் போதவில்லை. 1953 யூலை மாதத்திலே நிதி மந்திரி ஜே. ஆர். ஜயவர்த்தனா கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் குறைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால். மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலிலே கூடவேண்டியதாயிற்று. துப்பாக்கிப் பிரயோகத்திலே உயிர்கள் பலியாயின. ஒற்றோபரிலே பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். எனக்கு அப்பொழுது ஆறு வயது. ஐயா திண்ணையிலிருந்து பத்திரிகையை உரக்க வாசித்ததாகவும், ஊரார் கூடி நின்று கேட்டதாகவும் அம்மா பிற்காலத்திற் சொல்வார்.

அதன் பின்னர் அரிசிக் கூப்பனைத் தொடுவதற்கு எந்தக் கட்சியும் நடுங்கிற்று. விலை படிப்படியாக இறங்கி 1960 இலே மீண்டும் 25 சதமாயிற்று. 1962 இலே நிதி மந்திரியாயிருந்த பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கா இரண்டு கொத்தை ஒன்றரையாகக் குறைக்க முனைந்தார். அவருடைய கட்சியினரே எதிர்த்தார்கள். பதவியை விட்டுப் போனார். உலகிலே அரிசி அருமையாயிருந்த 1966 ஆம் ஆண்டின் முடிவிலே, மறுபடியும் பிரதம மந்திரியாயிருந்த டட்லி சேனநாயக்கா ஒரு சாதுரியம் செய்தார். இரண்டு கொத்தை ஒரு கொத்தாக்கினார். ஆனால் அந்த ஒரு கொத்தைக் காசில்லாமற் கொடுத்தார். எங்கள் வீட்டிலே அன்று இரண்டு கட்சிகள் தோன்றின. உத்தரவாத விலை புசலுக்கு 14 ரூபாவாக உயரவும், வெளிச்சந்தையிலே நெல் கேள்வி ஏறவும், ஐயா அந்த அரசாங்கத்தைப் புகழ்ந்தார். மற்றைக் கொத்தை வெளியிலே கூடிய விலைக்கு வாங்கவேண்டியிருந்த ஆச்சி அதைச் சபித்தார். வயலுள்ள வீட்டிலேயே இப்படியென்றால், வயலில்லாமற் கூலிக்கு அரிவு வெட்டியவர் வீட்டிலே ஒரு கட்சிதான் இருந்திருக்கும். 1970 தேர்தலிலே இரண்டாவது கொத்தை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையார் பெருவெற்றி பெற்றார்.

கடலுக்கு அப்பாலும் அக்காலத்திலே அரிசிதான் தேர்தல் மேடையிலே பேசிற்று. 1967 இலே சென்னை மாநிலத்திலே அண்ணாதுரை அவர்கள் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் வாக்குறுதியோடு ஆட்சிக்கு வந்தார். ரூபாய்க்கு ஒரு படியாகச் சென்னையிலும் கோவையிலும் கொடுக்கத் தொடங்கினார். கொத்தும் படியும் வேறு, நீரிணையின் இரு கரைகளும் வேறு. ஆயினும் தமிழ் வீட்டு உலைகள் இரண்டிலும் ஒரே காலத்திலே வாக்குச்சீட்டும் சேர்ந்து வெந்தது.

1970 முதல் 1977 வரையுள்ள ஏழாண்டுகளைப் பற்றி எங்கள் பகுதியில் இருவரைக் கேட்டால் இரு வேறு உலகங்களைச் சொல்வார்கள். வெளிநாட்டுச் செலாவணி இல்லாமையால் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. உடனே வன்னி மண் பொன்னாயிற்று. படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்களுக்கு முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் காணி கொடுத்திருந்தார்கள். காடு வெட்டி மிளகாய்க் கன்று நட்ட அப்பிள்ளைகள் இரண்டொரு போகத்திலே கல்வீடு கட்டியதையும் உழவு யந்திரம் வாங்கியதையும் நான் கண்டேன். எழுதுவினைஞர் உத்தியோகத்துக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்திருந்த என் தோழன் ஒருவன், மிளகாய் விற்ற காசிலே தங்கையின் திருமணத்தை நடத்தி முடித்தான். கொழும்பிலே கையெழுத்திட்ட ஓர் இறக்குமதித் தடை முத்தையன்கட்டிலே ஒரு தாலிக்கொடியாயிற்று.

அதே ஏழாண்டுகளிலே பாண் வாங்க விடியற் சாமத்தில் வரிசையில் நின்றவர்களும் நாங்களே. 1973 இலே உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் ஒருங்கே விலையேறின. அனுமதிப் பத்திரமின்றி அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டு போவது குற்றமாயிற்று. யாழ்ப்பாணத்திலே பிள்ளை பெற்றிருந்த மகளைப் பார்க்கப் போன எங்கள் சின்னம்மா, தலையணை உறைக்குள்ளே அரிசியை வைத்துத் தைத்துக்கொண்டு போனார். சோதனைச் சாவடியிலே பொலிசுக்காரர் தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘இது தலைக்கு வைக்கிறதா, வயிற்றுக்கு வைக்கிறதா?’ என்று கேட்டுச் சிரித்து விட்டுவிட்டாராம். அந்தச் சிரிப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. அரசாங்கம் நெல்லின் விலையை 1974 இலே புசலுக்கு 33 ரூபாவாக உயர்த்தியது உண்மை. ஆனால் நெல்லை வேறெவருக்கும் விற்கக்கூடாது என்றும் கட்டளையிட்டிருந்தது.

1977 யூலையிலே ஆட்சி மாறிற்று. அன்று நிதி மந்திரியாயிருந்து 70 சதம் என்று சொன்ன அதே ஜே. ஆர். ஜயவர்த்தனாவே இப்பொழுது தலைவர். இருபத்துநான்கு ஆண்டுகளாக அவர் மறக்கவில்லைப் போலும்! இம்முறை அவரிடம் ஆறிலைந்து பங்குப் பாராளுமன்றப் பெரும்பான்மை இருந்தது. இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டன. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து குவிந்தன. வன்னியின் மிளகாய்க்காலம் முடிந்தது. ரூபா மிதக்கவிடப்பட்டது. 1978 தொடக்கத்திலே, மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே கூப்பன் அரிசி என்று சட்டம் வந்தது.

தலையை எண்ணிய அரசாங்கம் அன்று தொடக்கம் வருமானத்தை எண்ணத் தொடங்கிற்று. எங்கள் வரலாற்றிலே பெரிய திருப்பம் இதுவே என்று நான் கருதுகின்றேன். அப்பொழுது நான் ஆசிரியன். எனக்குக் கூப்பன் இல்லை என்பதிலே வழக்கில்லை, சம்பளத்தாள் இருக்கிறது. ஆனால் அயலவருடைய விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது. மாலையிலே எங்கள் திண்ணை கச்சேரி போலாயிற்று. படிவத்திலே ஒரு கேள்வி: மாத வருமானம் எவ்வளவு? ‘மாதத்துக்கு ஏது தம்பி வருமானம்? போகத்துக்குத்தானே வருமானம்!’ என்றார் ஒரு முதியவர். பங்குனியிலே அவர் கையில் ஆயிரக்கணக்கிற் காசு. அதிலே விதைநெற் கடன், உழவுக் கூலி, அடைவு வைத்த நகை எல்லாம் போக, ஆடியிலே சதமும் இல்லை. மழை தப்பினால் ஆண்டு முழுவதுமே ஒன்றுமில்லை. இதை எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது? ஆண்டு வருமானத்தைப் பன்னிரண்டாற் பிரித்தால் ஒரு தொகை வரும். கடனைக் கழித்துப் பிரித்தால் வேறொரு தொகை வரும். ஒன்று 300க்கு மேலே, மற்றது கீழே. அரசாங்கத்தின் நலத்திட்டம் ஒரு பாடசாலை ஆசிரியனுடைய பிரித்தற் கணக்கிலே தொங்கிற்று.

இப்படிக் கேள்வி கேட்டு உதவி கொடுக்கும் முறை உலகுக்குப் புதிதன்று. 1931 இலே பொருளாதார மந்தம் வந்தபோது பிரித்தானியாவிலே வேலையற்றவரின் வீட்டுக்குள் அதிகாரிகள் புகுந்து மேசை நாற்காலிகளையும், பிள்ளைகள் உழைக்கும் காசையும் கணக்கெடுத்தார்கள். அதனாற் பிறந்த மனக்கசப்பை அந்நாட்டுத் தொழிலாளர் ஒரு தலைமுறை மறக்கவில்லை. 1942 இலே சேர் வில்லியம் பெவரிட்ஜ் சமர்ப்பித்த புகழ்பெற்ற அறிக்கை, எல்லாரும் காப்புறுதிப் பணம் செலுத்தி எல்லாரும் உரிமையோடு பெறும் முறையை விரும்பியதற்கு அக்கசப்பும் ஒரு காரணம். நமது கூப்பனும் அதே ஆண்டிலே பிறந்தது தற்செயலே.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். தலைக்குக் கொத்து என்றால் ஆரம்பத்திலே கறுவாத்தோட்டத்துச் சீமானுக்கும் அது கிடைத்தது. வரவுசெலவுத் திட்டத்திலே பெரும்பங்கை அரிசி விழுங்கிற்று. அந்தப் பணத்திலே குளம் கட்டியிருக்கலாம், தொழிற்சாலை நிறுவியிருக்கலாம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் இலவசக் கல்வியோடும் இலவச வைத்தியத்தோடும் இந்த அரிசியும் சேர்ந்தே, வறிய நாடொன்று குழந்தை மரணத்திலும் எழுத்தறிவிலும் செல்வ நாடுகளை நெருங்க முடியும் என்பதைக் காட்டியது. அமர்த்தியா சென் போன்ற பொருளியலாளர் இலங்கையை எடுத்துக்காட்டியது இதனாலேதான். தமிழ்நாட்டை நோக்குங்கள்: 1997 இலே இந்திய மத்திய அரசு ஏழைகளைப் பிரித்தெடுத்துக் கொடுக்கும் முறைக்கு மாறியபோதும், தமிழ்நாடு எல்லாருக்கும் அட்டை என்ற முறையைக் கைவிடவில்லை, 2011 முதல் அரிசி அட்டைக்காரருக்கு அரிசியை விலையின்றியே கொடுத்து வருகிறது. எல்லாருக்கும் உரிய கடையிலே எல்லாரும் முறைப்பாடு சொல்வார்கள். ஆகையால் அந்தக் கடை சீராக நடக்கும். ஏழைக்கு மாத்திரம் உரிய கடையிலே புழு வந்தாற் கேட்பார் யார்?

அதற்கு எங்கள் நாட்டிலே விடை கிடைக்க நெடுங்காலம் செல்லவில்லை. 1979 செப்தெம்பரிலே அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. பெரியவர் ஒருவருக்கு மாதம் 15 ரூபா; சிறு குழந்தைக்கு 25. அரிசியாயிருந்தால் விலை ஏறினாலும் கொத்து கொத்துத்தான். காசாகிவிட்டபடியால், விலை ஏற ஏற முத்திரை கரைந்தது. சில ஆண்டுகளுக்குள்ளே அதன் வாங்குந்திறன் ஏறத்தாழப் பாதியாயிற்று. ஹர்த்தால் நடக்கவில்லை, கப்பலிலே மந்திரிசபை கூடவில்லை. 45 சதம் ஏற்றியபோது எழுந்த நாடு, சத்தமின்றிப் பாதி போனபோது எழவில்லை. முத்திரை வாங்கியவர்கள் நாட்டிற் பாதிப்பேர், அவர்களும் வறியவர்கள். மற்றப் பாதிக்கு அது தங்கள் வழக்காகத் தோன்றவில்லை.

1989 இலே ஜனசவிய, 1995 இலே சமுர்த்தி என்று தெற்கிலே புதிய திட்டங்கள் பிறந்தன. எங்களுக்கு அவை வானொலிச் செய்திகளே. போர் முடிந்த பின்னரே சமுர்த்தி எங்கள் மாவட்டத்திலே வேரூன்றியது. அதற்கிடையில் எங்களை எண்ணிய முறை வேறு. 1990 ஒற்றோபரிலே எங்கள் ஊர் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எங்களோடு அதே சங்கக்கடையிலே நின்றவர்கள் புத்தளத்துக் கொட்டில்களிலே அகதி அட்டைக்காரரானார்கள். வன்னிக்குள்ளே டீசலுக்கும் பசளைக்கும் சீமந்துக்கும் அரசாங்கத்தின் தடை. பசளையின்றி விதைத்தவனுக்கு அரசாங்கமே உலர் உணவு நிவாரணம் அனுப்பும். ஒரு கை வயலை முடக்க, மறு கை அரிசி தரும் புதுமையைப் பன்னிரண்டு ஆண்டுகள், 2002 வரை, கண்டோம்.

நிவாரணம் எத்தனை லொறி என்பது எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. எத்தனை பேர் என்பதோ அரசியலாயிற்று. 2009 தொடக்கத்திலே போர் வலயத்துள் எஞ்சியிருப்போர் ஏறத்தாழ 70,000 என்று கொழும்பு சொல்லிற்று. உள்ளிருந்த அரச அலுவலர்கள் பன்மடங்கு கூடிய தொகையை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மே மாதம் எல்லாம் முடிந்தபோது முகாம்களிலே பதியப்பட்டோர் 280,000க்கு மேல். கணக்கிலே இல்லாத வாய்களுக்கும் பசி இருந்தது. மாத்தளனிலே ஒரு பிடி அரிசியைக் கஞ்சியாக்கி எட்டுப் பேர் குடித்த நாள்களை நான் விரிக்க விரும்பவில்லை. வாசகர்களிற் பலர் அங்கே இருந்தவர்களே.

மீண்டு வந்து கூரை போட்ட பின்னர், 2012/13 ஆம் ஆண்டுக்குரிய வீட்டு வருமானக் கணக்கெடுப்பிலே முல்லைத்தீவு மாவட்டத்தின் வறுமை வீதம் 28.8 என்று கண்டார்கள். நாட்டின் வீதம் 6.7. மாவட்டங்களெல்லாவற்றிலும் உயர்ந்தது எங்களுடையதே. பின்னர் அது இறங்கி வந்தது. இறங்கும் வேளையிலே 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரே வர்த்தமானியிலே தடைசெய்தது. நவம்பரிலே தடையை நீக்கிற்று. அதற்குள் காலபோக விதைப்பு நடந்துவிட்டது. பயிர் மஞ்சளித்து நின்றது. அடுத்த ஏப்ரிலிலே நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தது. செப்தெம்பரிலே கொழும்பில் உணவுப் பொருள்களின் விலையேற்றம் ஆண்டுக்கு 94.9 வீதம். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சிலே கடன் கொடுக்க இணங்கியபோது, வறியோருக்கான உதவியைச் சீராக்குவதும் நிபந்தனைகளில் ஒன்றாயிற்று. அவ்வாண்டு யூலையிலே சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது.

இப்பொழுது ஒரு கேள்வியன்று, இருபத்திரண்டு அளவுகோல்கள். வீட்டுச் சுவர், கூரை, மின்சாரப் பாவனை, காணி, வாகனம், நோய், கல்வி எல்லாவற்றையும் கணினியிலே இட்டு, வறுமைக்குப் புள்ளி போடுகிறார்கள். மிக வறியவருக்கு மாதம் 15,000 ரூபா, வறியவருக்கு 8,500, அதற்கு மேற்பட்ட இரு வகுப்பாருக்கு 5,000, 2,500 என்று தொடங்கினார்கள். 2025 இலே முதலிரண்டும் 17,500, 10,000 என்று உயர்த்தப்பட்டன. முதற் பட்டியல் வெளியானதும் நாடெங்குமிருந்து பல இலட்சம் முறையீடுகள் எழுந்தன. தொகை நல்ல தொகை. உணவு முத்திரையைப் போல ஏளனமானதன்று. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பகுதிக் கல்வீடு யாருடைய செல்வத்துக்கு அடையாளம்? போரின் பின்னர் கொடை நாடுகளும் அரசாங்கமும் கட்டிக் கொடுத்த வீடு அது. அதற்குள்ளே கணவனை இழந்த பெண்மணி, ஊனமுற்ற மகன், பூசப்படாத சுவர். சுவர் கல் என்று கணினி சொல்கிறது. அடுப்பைப் பற்றி அது கேட்பதில்லை.

எங்கள் ஒழுங்கையிலே அத்தகைய பெண்மணி ஒருவர் இருக்கிறார். எனது பழைய மாணவி. முதற் பட்டியலிலே அவருடைய பெயர் இல்லை. ‘சேர், நீங்கள் எழுதித் தந்தால் எடுபடும்’ என்று முறையீட்டுப் படிவத்தோடு வந்தார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் மறுபடியும் பேனாவை எடுத்தேன். கண் மங்கலாதலால் பேத்தி வாசிக்க, நான் சொல்ல, அவளே எழுதினாள். இரண்டு ஏக்கர் குத்தகை வயல். 2021 காலபோகத்திலே கடன் மாத்திரம் மிச்சம். பெயர் பின்னர் வறியவர் வகுப்பிலே சேர்ந்தது.

2025 பெப்ரவரியிலே நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்று அரசாங்கம் விலை குறித்தபோது, அப்பெண்மணி வேலியருகே நின்று, ‘சேர், பசளை விற்கிற விலைக்கு இது காணுமா?’ என்று கேட்டார். காணாது என்றேன். ‘கூட்டினால் கடையில் அரிசி ஏறிவிடுமே’ என்றார் உடனேயே. விதைத்தவரும் அவரே, அஸ்வெசுமக் காசிலே ஐப்பசிக்குக் கடையில் அரிசி வாங்கப் போகிறவரும் அவரே. அட்டுவம் இல்லாத வீடாதலால், நெல்லை அன்றைக்கே களத்தில் வைத்து வியாபாரிக்கு 120க்கும் குறைத்து விற்றுவிட்டு, விதைநெல் இரண்டு மூடையை மட்டும் என் வீட்டு விறாந்தையிலே கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போனார்.